மந்திரச் சக்கரமா, மனவோட்டவரையா?

செப்புத் தகட்டிலே கோடு கீறி, கட்டங்களுக்குள் எழுத்துகளைப் பொறித்து, அதனைச் சுருட்டித் தாயத்துக்குள் அடைத்துப் பிள்ளையின் அரையிலே கட்டிவிட்டால் படிப்புத் தானே வந்துவிடும் என்று நம்மவர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். தகடு விற்றவன் பிழைத்தான். கட்டிக்கொண்ட பிள்ளை தேறினால் தகட்டின் மகிமை. தவறினால் பிள்ளையின் தலைவிதி. நமது கேமரன் மலைத் தோட்டங்களில் அந்தத் தகட்டின் மதிப்பு ஒருவாறு குறைந்துவிட்டதென்று நாம் ஆறுதலடைந்திருக்கும் இவ்வேளையில், வேறொரு சக்கரம் தாப்பா சாலை வழியே மலையேறி வந்து சேர்ந்திருக்கின்றது. இதற்குச் செம்பு வேண்டாம். வெள்ளைத் தாளும் வண்ணப் பேனாவும் போதும். நடுவிலே ஒரு வட்டம், சுற்றிலும் கிளைகள், கிளைதோறும் ஒரு சொல். மனவோட்டவரை என்பது இதன் பெயர். இதனை வரையப் பழகிய பிள்ளைக்குக் கற்பனை ஊற்றெடுக்கும், கட்டுரையும் கதையும் தாமே பெருகும் என்று பள்ளியிலும் மண்டபத்திலும் பிரசாரம் நடைபெறுகின்றது.

நாம் மனவோட்டவரைக்குப் பகைவரல்லர் என்பதை முதற்கண் சொல்லிவிடுகின்றோம். அஃதொரு கருவி. மண்வெட்டியை யாரும் பகைப்பதில்லை. ஆனால் மண்வெட்டியைச் சுவரிலே சாய்த்து வைத்துப் பூமாலை போட்டு, "இதோ விளைந்துவிட்டது தோட்டம்" என்று ஒருவன் சொல்வானாயின் அவனைக் கண்டிக்காமலிருக்க இயலுமோ? கருவியை மந்திரமாக்கி விற்பவரையும், அதனையே வாய்பாடாக்கிப் பிள்ளைகளின் மண்டையில் அடிப்பவரையும் பற்றியதே இவ்வியாசம்.

இதன் வரலாறு சிறிது. இங்கிலாந்து தேசத்து டோனி பூசான் என்பவர் 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சி வழியாகவும் நூல் வழியாகவும் இம்முறையைப் பரப்பினார். தாளைக் குறுக்காக வைத்துக்கொள்ளுதல், நடுவே ஒரு சித்திரம் எழுதுதல், கிளைகளை வளைத்து வளைத்துப் போடுதல், கிளைக்கு ஒரு சொல்லே வைத்தல், பல வண்ணங்களைப் பயன்படுத்துதல் ஆகியன அவர் வகுத்த விதிகள். அப்பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவும் செய்துகொண்டனர். 2019இல் அவர் காலமானார். இதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க மற்றொரு முறையை அமெரிக்கராகிய டேவிட் ஹைர்லே வகுத்தார். வட்டம், குமிழி, இரட்டிப்புக் குமிழி, மரம், இணைப்பு, நிரலொழுங்கு, பல்நிலை நிரலொழுங்கு, பாலம் என எட்டு வரைபடங்கள். நம் மலேசியக் கல்வி அமைச்சு இவ்வெட்டையும் 'ஐ-திங்க்' என்ற பெயரில் 2012இல் கொணர்ந்தது; 2013 முதலான கல்விப் பெருந்திட்டத்தில் உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்பது கட்டளையாயிற்று. ஆக, தமிழ்ப் பள்ளியில் பயிலும் நமது தோட்டத்துப் பிள்ளை இன்று குமிழி போடாமல் ஒரு பாடத்தையும் கடந்துவிட முடியாது.

நிற்க. முதலில் விற்பவரைக் கவனிப்போம்.

பள்ளி விடுமுறை நாளொன்றில் நமது பகுதிப் பொது மண்டபத்தில் ஒரு பயிற்சி நிலையத்தார் வந்திறங்கினர். கையேடு, பேனாக் கட்டு, நற்சான்றிதழ், பகலுணவு யாவும் உண்டு; கட்டணமும் உண்டு. இரண்டு பிள்ளைகளை அனுப்பிய குடும்பம் கட்டிய தொகை அவ்வீட்டுத் தலைவரின் ஒரு வாரக் கூலிக்குக் குறையாது. சம்பளப் பட்டியல் எழுதும் கிராணியாதலின் இக்கணக்கு நமக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆயிற்று; அதிலே அரிசி, பால் மாவு, பள்ளி வண்டி, ஊரிலுள்ள தாய்க்கு அனுப்புவது எல்லாம் போக எவ்வளவு எஞ்சுமென்பதை வாசகர் நம்மினும் நன்கறிவர்.

மண்டபத்தில் போதித்தது யாது? மனிதன் தன் மூளையிற் பத்தில் ஒரு பங்கையே உபயோகிக்கின்றானாம்; வண்ணக் கிளை போட்டால் மற்ற ஒன்பது பங்கும் விழித்துக்கொள்ளுமாம். இடமூளை கணக்குப் பார்க்குமாம், வலமூளை கற்பனை செய்யுமாம். நம் பிள்ளைகளுக்கு வலமூளை உறங்குகின்றதாம். இவை யாவும் பொய். தூங்கும்பொழுதுங்கூட மூளையின் எல்லாப் பகுதிகளும் தொழிற்படுகின்றன என்பதைப் படக்கருவிகள் காட்டியாயிற்று. இடம் வலம் என்ற பேச்சுக்கு மூலம் ரோஜர் ஸ்பெர்ரியின் ஆராய்ச்சி. அதற்காக அவர் 1981இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் ஆராய்ந்தது, வலிப்பு நோய்க்காக இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்டவர்களை. அதிலிருந்து 'வலமூளைக்காரன் கவிஞன், இடமூளைக்காரன் கணக்கன்' என்று கட்டியது பின்வந்தோர் செய்த வேலை. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் மூளைப் படங்களைச் சோதித்து, ஒருவருக்கு முழு மூளையளவில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓங்கி நிற்பதற்குச் சான்றில்லை என்றே கண்டனர்.

நாம் ஆங்கிலக் கல்வி பெற்றவர். ஆதலின் ஒன்று கேட்க நமக்கு உரிமையுண்டு. வடமொழியில் முணுமுணுத்தமையால் அது மந்திரம் என்று நம்பிய நம் பாட்டனாரை நாம் பரிகசிக்கின்றோம். ஆங்கிலத்தில் ஒளிப்படம் காட்டியமையால் அது விஞ்ஞானம் என்று நம்புகின்ற நாம் அவரினும் எவ்விதத்தில் மேலானவர்?

அவ்வாறாயின் இம்முறையால் பயனே இல்லையோவெனின், உண்டு, அளவாக உண்டு. 2002இல் இலண்டன் மருத்துவ மாணவரிடையே நிகழ்ந்த ஒரு சோதனையில், மனவோட்டவரை போட்டுப் படித்தோர் ஒரு வாரம் கழித்துச் சிறிதளவு அதிகமாக நினைவுகூர்ந்தனர். எனினும் அம்முறையில் அவர்களுக்கு ஊக்கம் குறைவாயிருந்தது. 2011இல் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ப்பிக்கே, பிளண்ட் என்னும் இருவர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்விலோ, பாடத்தைப் பார்த்துக் கருத்து வரைபடம் போட்ட மாணவரைவிட, நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவரே மேலாகக் கற்றிருந்தனர். கருத்து வரைபடம் வேறு, மனவோட்டவரை வேறு என்று வாதிப்பாருளர், ஆம், வேறுதான். ஆயினும் கிளையும் கோடும் தாமே கல்வியாகிவிடா என்பதற்கு இது போதும். நூலை மூடிவைத்து எழுதிப் பார்க்க ஒரு காசும் செலவில்லை. அதனாலேதான் அதனைப் போதிக்க ஒருவரும் மண்டபம் பிடிக்கவில்லை.

இனிப் பள்ளிக்கு வருவோம். இங்கே விஷயம் பணத்தினும் பெரிது.

சில காலத்துக்கு முன் ஒரு மாணவர் கட்டுரைப் போட்டியின் தாள்களைத் திருத்தித் தருமாறு நம்மைக் கேட்டனர். தலைப்பு 'எங்கள் மலை'. ஒரு கட்டுத் தாள். எழுதியோர் யாவரும் இம்மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். முதல் தாளைப் படித்து மகிழ்ந்தோம். இரண்டாவதைப் படித்தபொழுது முதலதையே திரும்பவும் எடுத்துவிட்டோமோ என்று ஐயுற்றோம். நான்காவதுக்குள் உண்மை விளங்கிவிட்டது. குளிர், பனி, பசுமை, அருவி, மலர், அமைதி, சுற்றுலாப் பயணி: இவ்வேழு சொற்களும் இவ்வரிசையிலேயே எல்லாத் தாளிலும் அணிவகுத்து நின்றன. நடுவிலே 'மலை' என்றெழுதிச் சுற்றிலும் ஏழு குமிழி போட்ட மாதிரிப் படமொன்று எல்லார்க்கும் முன்கூட்டியே தரப்பட்டிருந்ததாம். பிள்ளைகள் குமிழிக்கு ஒரு பத்தி வீதம் எழுதி முடித்துவிட்டனர். கற்பனையை வளர்ப்பதற்கென்று வந்த கருவி!

அந்த ஏழிலே எது பொய்? ஒன்றும் பொய்யன்று, ஆனால் ஏழும் சாலையோரத்து விளம்பரப் பலகையில் உள்ளவை. கோலாலம்பூரிலிருந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவன் காணும் மலை அது. நாம் வாழும் மலை எங்கே? நெகிழித் தாள் போர்த்திய காய்கறித் தோட்டங்கள் சரிவை மூடி வருகின்றனவே, அது எங்கே? மழைக்குப் பின் செம்மண் கரைந்து ஓடும் ஆறு எங்கே? 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டுப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளையும் உயிர்களையும் அடித்துச் சென்றதே! 2024 ஜனவரியில் புளூவேலிப் பக்கம் மண் சரிந்து மியன்மார் தேசத்துத் தொழிலாளர் ஐவர் மாண்டனரே! 'மலை' என்றதும் ரிங்லெட்டுப் பிள்ளையின் நினைவுக்கு 'அணைச் சங்கு' என்பது வராதோ? வரும். ஆனால் மாதிரிப் படத்தில் அதற்குக் குமிழியில்லை. குமிழியில்லாததை எழுதினால் மதிப்பெண் வருமோ வராதோ என்று பிள்ளை அஞ்சுகின்றது.

இன்னொன்று. கட்டுரைகளிலெல்லாம் 'மங்கையர் மெல்விரலால் கொழுந்து கிள்ளுகின்றனர்'. நம் தோட்டங்களில் கத்திரியும், இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்து எத்தனையோ காலமாயிற்று. அவற்றைப் பிடித்திருப்போரிற் பலர் வங்கதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியருமான ஆடவர். இதனைத் தினந்தோறும் பள்ளி வண்டியின் சன்னலிலிருந்து காணும் பிள்ளை, தாளைக் கண்டதும் மங்கையரையும் மெல்விரலையும் எழுதுகின்றது. கண் கண்டதைக் கை எழுத மறுக்கும்படி செய்வதைக் கல்வி என்பதா?

மாதிரி காட்டுவது உதவியென்று ஆசிரியர் கருதலாம். அது விலங்காகிவிடும் என்பதை 1993இல் அமெரிக்காவில் ஸ்மித் முதலிய மூவர் சோதித்துக் காட்டினர். வேற்றுக் கிரகத்துக்கு ஒரு விலங்கைக் கற்பனை செய்து வரைக என்று சிலரைக் கேட்டனர். ஒரு சாரார்க்கு முன்னதாகச் சில மாதிரிகளைக் காட்டினர். அவற்றுக்கெல்லாம் நான்கு காலும் உணர்கொம்பும் வாலும் இருந்தன. மாதிரியைக் கண்டவர் வரைந்த விலங்குகளுக்கும் காலும் கொம்பும் வாலும் மிகுதியாக முளைத்தன. மாதிரியினின்று மாறுபட்டதாக வரைக என்று சொல்லியபோதும் அவை மறையவில்லை. வளர்ந்தவர் பாடே இதுவாயின், பத்து வயதுப் பிள்ளை ஏழு குமிழியைத் தாண்டுவதெங்ஙனம்?

மாஜோங் தாளை விரித்து ஐந்தாறு பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கூட்டமாக வரையச் செய்வதும் இப்படியே. உரத்துப் பேசும் பிள்ளையின் சொல் தாளில் ஏறும். மற்றவை வண்ணம் தீட்டும். தனித்தனியே யோசித்தோரின் யோசனைகளைக் கூட்டினால், கூடியமர்ந்து யோசித்தோரின் யோசனைகளைவிட மிகுதியாகும் என்று யேல் பல்கலைக்கழகத்தார் 1958லேயே கண்டுவிட்டனர். முதலில் தனித்து எழுதட்டும், பிறகு கூடட்டும். இதற்குப் புதிய திட்டமொன்றும் வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் நம்மை வருத்துவது வேறு. ஹைர்லே வகுத்த வட்ட வரைபடத்துக்கு வெளியே ஒரு சதுரச் சட்டம் உண்டு. அச்சட்டத்தில் எழுத வேண்டியது யாதெனில், 'இதை நீ எங்ஙனம் அறிந்தாய்?' என்ற கேள்விக்கு விடை. கண்ணாற் கண்டாயா, பாட்டி சொன்னாரா, நூலிற் படித்தாயா, பிறர் சொல்லக் கேட்டு நம்பினாயா? எட்டு வரைபடங்களிலும் பகுத்தறிவுக்கு உரிய இடம் அந்தச் சட்டமே. நாம் கண்ட தாள்களில் வட்டம் இருந்தது, குமிழி இருந்தது, பூவும் பொம்மையும் இருந்தன. சட்டம் மட்டும் எங்கும் இல்லை. தாளில் இடம் போதவில்லையாம்!

இந்நோய் மேனாட்டிலிருந்து வந்ததென்று நாம் சொல்லமாட்டோம். நம் வீட்டுச் சரக்கே இது. பிள்ளைத்தமிழ் என்றால் பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால் என்று கட்டம் போட்டாயிற்று, பிள்ளையின் பெயரை மாற்றினால் புதுநூல். தலபுராணம் என்றால் நாட்டுப்படலம், நகரப்படலம். வறண்ட ஊராயினும் அங்கே வாளை துள்ளும், கரும்பு முதிரும், முத்துச் சொரியும். குமிழியை நிரப்பிய புலவர்கள் பரிசில் பெற்றனர். ஊரைக் கண்டெழுதியவர் எத்தனை பேர்? அன்று பண்டிதர் செய்த வேலையை இன்று பத்து வயதுப் பிள்ளையிடம் வாங்குகின்றோம்.

ஆயினும் பழந்தமிழரிடத்தே இதற்கு மாற்றும் உண்டு. தொல்காப்பியம் கூறும் திணைப் பாகுபாட்டை எடுத்துக்கொள்வோம். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. உரிப்பொருள் மாந்தரின் ஒழுக்கம். நடுவே ஒரு நிலம், சுற்றிலும் அதன் பொருள்கள், உள்ளே மனிதனின் மனம். வரைபடம் என்று சொல்லத்தக்கது இதுவேயன்றோ? மேலும் ஈது கேள்விகளால் ஆன வரைபடம், விடைகளால் ஆனதன்று. 'இந்நிலத்தின் பறை எது?' என்று அது கேட்கின்றது. குறிஞ்சிக்குத் தினையும் வேங்கையும் தொண்டகப் பறையும் என்று விடை சொன்னவர் அந்நாளைய மலைவாழ்நர். பிரிஞ்சாங் குறிஞ்சியில் நிற்கும் நமக்கு விடை வேறு. நம் நிலத்தின் பறை பெரட்டு மணி. நம் தொழில் கொழுந்தும் கவ்வாத்தும் மருந்தடிப்பும். நம் மரம் தேயிலை; கத்தி படாவிடின் அது மரமாகவே ஓங்கிவிடும், நூறாண்டாக அதனை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கூலியாளின் கை. தினையும் வேங்கையும் இங்கே எழுதுகிறவன் தலபுராணக்காரன். மணியையும் கத்தியையும் எழுதுகிறவன் தொல்காப்பியத்தை உண்மையாகக் கற்றவன்.

கண்டனம் மட்டும் செய்து போவது முறையன்று, வரைந்தே காட்டுவோம். நடுவிலே 'தராசு' என்று எழுதுவோம். 'மலை' போன்ற பெருஞ்சொல் வேண்டாம். பெருஞ்சொல்லை நடுவில் வைத்தால் பிறர் சொன்னவையே ஓடி வரும். சிறு பொருளை வைத்தால் நாம் கண்டவை வரும்.

தராசிலிருந்து ஒரு கிளை மழை. மழையில் நனைந்த கொழுந்து கனக்கும். ஆதலின் ஈரத்துக்கென்று ஒரு கழிவு. அக்கழிவு எவ்வளவு என்பதிலே ஒரு முணுமுணுப்பு. மற்றொரு கிளை சாக்குப் பை; அதன் எடையும் கழியும். இன்னொன்று கண், எடைபோடும் கணத்தில் வரிசையில் நிற்கும் அத்தனை கண்களும் ஒரே எண்ணின்மேல் இருக்கும். இன்னொன்று மொழி, தமிழும் வங்காளமும் நேபாளமும் இந்தோனேசியமும் அந்த எண்ணுக்கு முன்னே அடங்கி, விரல்களால் பேசிக்கொள்ளும். இன்னொரு கிளை கிழவி. தராசில் வைக்குமுன் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார், அரைக் கிலோவும் தவறாது. கடைசிக் கிளை பென்சில். அதனைப் பிடித்திருப்பவன் கிராணி, அதாவது நாம்.

இதுவரை வந்தது பட்டியலே, கற்பனையன்று. இப்பொழுது தொலைவிலுள்ள இரண்டு கிளைகளை ஒரு கோட்டால் இணைத்துப் பார்க்க வேண்டும். கிழவியையும் பென்சிலையும் இணைப்போம். ஒருவருக்கு எடை தெரியும், எண்ணை எழுதத் தெரியாது. மற்றொருவருக்கு எண்ணை எழுதத் தெரியும், ஒருநாளும் அவ்வெடையைச் சுமந்ததில்லை. யார் சொல்வது கணக்கிலேறும்? அங்கே பிறக்கின்றது ஒரு சிறுகதை. மழையையும் மொழியையும் இணைத்தால், கழிவு ஏன் பிடிக்கப்பட்டது என்று தன் மொழியில் கேட்கவும் வழியற்ற ஓர் இளைஞன் நிற்கின்றான். அது வேறொரு கதை. அமெரிக்கராகிய ஜோசப் நோவாக் 1970களில் கருத்து வரைபடத்தை வகுத்தபொழுது இந்தக் குறுக்குக் கோட்டுக்கே தனிச் சிறப்புக் கொடுத்தார். நம் பள்ளிக் குமிழிகளில் குறுக்குக் கோடு கிடையாது. ஒவ்வொரு குமிழியும் நடு வட்டத்தோடு மட்டும் கைகோத்து, பக்கத்துக் குமிழியை அறியாமலே இருக்கின்றது. பத்திகளும் அவ்வாறே ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன.

இனிச் சட்டம் போடுவோம். கிழவியைக் கண்டது எப்படி? கண்ணால். முணுமுணுப்பை அறிந்தது எப்படி? காதால். அந்த இளைஞன் மனத்தில் நினைத்ததை அறிந்தது எப்படி? அறியவில்லை, ஊகம். ஊகம் என்று தெரிந்து ஊகிப்பவன் போய் விசாரிப்பான். விசாரித்தால் கதை திருந்தும். தெரியாமல் ஊகிப்பவன் கண்ணீர் விட்டுக் கதையைக் கெடுப்பான்.

அதற்கும் பிறகு ஒரு வேலை இருக்கின்றது. அதனை நம் தோட்டத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கிலோ தேயிலைத்தூள் ஆவதற்கு ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தி, சலித்த பின்னரே அது தேயிலை. பச்சைக் கொழுந்தைக் கூடையோடு கொண்டுபோய்க் கடையில் வைத்து விற்பாருண்டோ? மனவோட்டவரையில் வருவது பச்சைக் கொழுந்து. பதினைந்து கிளை வந்தால் பதினைந்தையும் கட்டுரையில் திணிக்கச் சொல்லும் முறை, பறித்ததையெல்லாம் சலிக்காமல் பொட்டலம் கட்டும் முறை. மேலே காட்டிய தராசில், கிழவியும் பென்சிலும் போதும். சாக்குப் பையும் கண்ணும் போகட்டும். செடியைக் கவ்வாத்துச் செய்யத் துணியாத தோட்டம் காடாய்ப் போகும் என்பதைக் கங்காணியின் பேரப்பிள்ளைக்கு நாம் விளக்க வேண்டுமோ?

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வளம் குறைவு, மாதிரிக் குமிழியும் கொடுக்காவிட்டால் வெறுந்தாளைத்தான் நீட்டுவார்கள்" என்று சில உபாத்தியாயர்கள் நம்மிடம் கூறியதுண்டு. அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய பாரங்களுக்கும் ஒட்டிவைக்க வேண்டிய வரைபடங்களுக்கும் இடையிலே அவர்கள் மூச்சுத் திணறுவதை அறிவோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்பட்ட பிறகும் அத்தேர்வுக்காகப் பிறந்த வாய்பாடு மட்டும் சாகாமலிருப்பது அவர்களுடைய குற்றமுமன்று. ஆனால் அக்கூற்றை நாம் ஏற்கமாட்டோம். லயத்து வாசலில் மாலைநேரத்தில் அப்பிள்ளைகள் பேசுவதைக் கேட்டவர் சொல்வளம் குறைவென்று சொல்லார். நாய் வண்டியின் பின்னே ஓடியதையும், மாமன் மண்டோரிடம் வாதாடியதையும், மண்சரிந்த இரவில் வீட்டோடு விழித்திருந்ததையும் எவ்வளவு துல்லியமாக விவரிக்கின்றன! அச்சொற்களெல்லாம் பள்ளி வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுகின்றன. 'அமைதி தவழும் எழில்மிகு மலை' என்பது உள்ளே அணிந்துகொள்ளக் கொடுக்கும் இரவல் உடை.

இந்நாட்டுத் தமிழ் எழுத்து இரவல் உடையால் வளர்ந்ததன்று. 1950-51இல் தமிழ் நேசன் பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். பத்திரிகை வழியாகவே பாடம். எழுதி அனுப்பினோரின் கதைகளைப் பார்த்துத் தரம் பிரித்தனர். மலாயாவில் கதை எழுதத் தொடங்கிய பலருக்கு அதுவே பள்ளி. எழுதியது இன்னது தேறும், இன்னது தேறாது என்று ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொன்னார்; அதுவே அங்கு நிகழ்ந்த அற்புதம். நம் பிள்ளைகளுக்கு இன்று கிடைக்காதிருப்பதும் அந்த ஒருவர்தான். எட்டு வகை வரைபடம் கிடைக்கின்றது, பத்து வண்ணப் பேனா கிடைக்கின்றது, எழுதியதை முழுதும் படித்து, "இவ்வரியை நீ கண்டாயா, கேட்டாயா?" என்று வினவும் ஓர் ஆள் கிடைப்பதில்லை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மண்டபத்துப் பயிற்சிக்குக் கட்டும் பணத்தை வீட்டிலேயே வைத்திருங்கள். ஒரு பயிற்சிப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிஷம் பிள்ளை தான் அன்று கண்ட ஒரு சிறு பொருளை நடுவில் எழுதிக் கிளை போடட்டும், நீங்கள் பக்கத்தில் அமர்ந்து, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இக்கேள்வியைக் கேட்கலாம்.

போட்டி நடத்தும் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறையும் 'எங்கள் மலை' என்ற தலைப்பையே கொடுங்கள். மாதிரிப் படத்தை மட்டும் கொடாதீர்கள். கட்டுரையோடு பிள்ளை தானே போட்ட வரைபடத்தையும், அதைச் சுற்றி அந்தச் சதுரச் சட்டத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே அறிவியுங்கள். திருத்துவதற்கு ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தானா ராத்தாவிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் வரும் தாள் அத்தனையையும், சம்பளப் பட்டியல் முடிந்த மாதக் கடைசியில், கூலியின்றிப் படித்து எழுத்து மூலம் அபிப்பிராயம் தர நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். நம்மைப் போன்ற கிராணிமார் இம்மலையில் வேறு சிலரும் உளர்.